வழித்துணையின் நினைவு யாருக்குச் சொந்தம்?

பிரிவைப் பாடாத மொழி இல்லை. தமிழ் மரபோ பாலை என்று ஒரு திணையையே அதற்கென ஒதுக்கி வைத்தது. பிரிவு துயரமானது என்பதை எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிவு ஓர் அறக்கேள்வியும் ஆகும் என்பதை நாம் அத்துணை எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருவரை விட்டுப் பிரிய நமக்கு எப்போது உரிமை உண்டு? ‘உன் நன்மைக்காகவே உன்னை விட்டுச் செல்கிறேன்’ என்று சொல்பவர் உண்மையில் யாருடைய நன்மையை நாடுகிறார்? பிரியும்போது ஒருவர் மற்றவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்? எதைத் தொடவே கூடாது?

இக்கேள்விகளை மெய்யியல் வகுப்பறைகளுக்கு வெளியே, பல்லாண்டுகளாக மிகுந்த அக்கறையோடு விவாதித்து வருவோர் உண்டு. அவர்கள் ‘டாக்டர் ஹூ’ என்னும் பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரின் இரசிகர்கள். கற்பனைக் கதை ஒன்றின் மாந்தர் அக்கதையை விட்டு நீங்கிய விதம் சரியா, தவறா என்று வளர்ந்தவர்கள் வாதிடுவதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆயினும் அவ்விவாதத்திற்குச் சற்றே செவிகொடுத்தால், நம் ஒவ்வொருவரின் இல்லத்திற்குள்ளும் நுழையக்கூடிய ஒரு கேள்வி அதன் அடியில் கிடப்பதைக் காணலாம்.

காலப் பயணியும் வழித்துணைகளும்

தொடரை அறியாத வாசகருக்காகச் சில சொற்கள். பி.பி.சி. நிறுவனம் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. 1989இல் நின்றுபோன அது 2005இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் நாயகர் வேற்றுக்கோள் ஒன்றைச் சேர்ந்தவர். ‘டாக்டர்’ என்பதன்றி வேறு பெயர் சொல்லிக்கொள்ளாதவர். வெளியிலிருந்து பார்த்தால் நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு போலவும், உள்ளே சென்றால் மாளிகை போலவும் விரியும் ‘டார்டிஸ்’ என்னும் ஊர்தியில் ஏறி, அவர் கடந்த காலத்திற்கும் வருங்காலத்திற்கும் பயணம் செய்கிறார். தனியே செல்வது அரிது. நம்மைப் போன்ற மனிதர் ஒருவரோ இருவரோ பெரும்பாலும் உடன் செல்வர். ஆங்கிலத்தில் அவர்களைத் தோழர் என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். அதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் உண்டு: வழித்துணை.

வழித்துணை எவரும் நெடுநாள் நிலைப்பதில்லை. நடிகர் வேறு வாய்ப்பைத் தேடிச் செல்வார், ஒப்பந்தம் முடிவுறும், தயாரிப்பாளர் மாற்றத்தை விரும்புவார். நாயகரே விலகுவதும் உண்டு. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னல் 1966இல் விலகியபோது, டாக்டர் தம் உடலைப் புதுப்பித்துக்கொண்டு வேறொரு முகத்தோடு எழுவார் என்று கதை அமைத்துத் தொடரைக் காப்பாற்றினார்கள். வழித்துணைகளுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு முடிவை எழுதியாக வேண்டும். நடிகர் விலகியதற்கான காரணம் அலுவலகக் கோப்புக்கு உரியது. அவ்விலகலுக்குக் கதைக்குள் ஒரு பொருளைத் தருவது எழுத்தாளரின் கடமை. இரசிகர்கள் இரண்டையும் அறிவர். அறிந்திருந்தும் பொருளைப் பற்றியே வாதிடுகிறார்கள். நம் வாழ்விலும் அப்படித்தானே? பணியிட மாற்றம், திருமணம், நோய், இறப்பு என்று பிரிவுக்கான காரணங்கள் நம் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. அப்பிரிவுக்கு நாம் என்ன பொருள் தருகிறோம் என்பது மட்டுமே பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

பூட்டப்பட்ட கதவு

தொடரின் முதற் பிரிவு 1964ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஒளிபரப்பானது. டாக்டரின் பேத்தி சூசன், ‘டாலெக்’ என்னும் கொடிய பகைவரிடமிருந்து விடுபட்ட 22ஆம் நூற்றாண்டு இலண்டனில், டேவிட் என்னும் இளைஞனை நேசிக்கிறாள். எனினும் முதிர்ந்த தாத்தாவைத் தனியே விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. அதை உணர்ந்த முதியவர், அவள் வெளியே நிற்கும்போதே ஊர்தியின் கதவைப் பூட்டிவிடுகிறார். உள்ளிருந்தபடியே விடைசொல்கிறார், ஒருநாள் திரும்பி வருவதாக வாக்களிக்கிறார். ஊர்தி மறைகிறது. சூசனின் கையிலிருந்த சாவி மண்ணில் விழுகிறது.

இக்காட்சியைப் பற்றி இரசிகர்கள் இரு தரப்பாகப் பிரிந்து பேசுவர். ‘தமக்கு எஞ்சியிருந்த ஒரே உறவையும் அவளுடைய நல்வாழ்வுக்காக விட்டுக்கொடுத்தாரே, இதைவிடப் பெரிய தியாகம் உண்டா?’ என்பார்கள் ஒரு சாரார். ‘அவளை ஒரு வார்த்தை கேட்டாரா? தியாகம் செய்பவர் தம்முடையதைத்தானே கொடுக்க வேண்டும். பேத்தியின் முடிவெடுக்கும் உரிமையை எடுத்துக் கொடுப்பது எப்படித் தியாகமாகும்?’ என்பார்கள் மறு சாரார். வாக்களித்தபடி அவர் திரும்பிச் செல்லவில்லை என்பதும் வழக்கில் சேர்க்கப்படும். 1983இல் வந்த 20ஆம் ஆண்டுச் சிறப்புக் கதையில் இருவரும் சந்தித்தனர் என்பது உண்மையே. ஆனால் அவர்களை ஓரிடத்தில் சேர்த்தது வேறொருவரின் சூழ்ச்சி. தாத்தா தேடிச் செல்லவில்லை.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் நம் கேள்விக்குத் தேவையான ஒன்றை இங்கே குறித்துக்கொள்வோம். டாக்டர் சூசனிடமிருந்து எடுத்துக்கொண்டது அவளுடைய ஒரு தெரிவை. அவளுடைய கடந்த காலத்தை அவர் தொடவில்லை. அவள் தாத்தாவை நினைத்து அழலாம், சினக்கலாம், மன்னிக்கலாம், தன் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்லலாம். என்றேனும் எதிர்ப்பட்டால், ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்று முகத்துக்கு நேரே கேட்கவும் செய்யலாம்.

அப்படிக் கேட்டவள் ஒருத்தி உண்டு. சாரா ஜேன் ஸ்மித் என்னும் செய்தியாளரை 1976ஆம் ஆண்டுக் கதையில் டாக்டர் பாதிவழியில் பூமியில் இறக்கிவிட்டுச் சென்றார். அவருடைய தாய்க்கோள் அவரை அழைத்தது. அங்கே மனிதருக்கு அனுமதி இல்லை. 30 ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டுக் கதையில், நடுவயதைக் கடந்த சாரா ஜேன் வேறு முகத்தோடு நிற்கும் டாக்டரை அடையாளம் கண்டு, தான் காத்திருந்ததையும் அவர் வராமல்போனதையும் சொல்லிக் காட்டுகிறாள். அதே நடிகை, எலிசபெத் ஸ்லாடன், உண்மையாகவே முதிர்ந்த முகத்தோடு அதை நடித்தார். டாக்டர் சொன்ன மறுமொழி நிறைவானதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கேள்வி கேட்கப்பட்டது. பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்லியாக வேண்டிய நிலையில் நின்றார். அதன்பின் அவர்கள் விடைபெற்றுக்கொண்டது ஒரு முழுமையான விடைபெறலாக அமைந்தது.

இவற்றிற்கிடையே 1973இல் விலகிய ஜோ கிராண்டின் பிரிவைப் பலரும் நல்ல பிரிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தான் சந்தித்த அறிவியலாளர் ஒருவரை மணந்து, அவரோடு அமேசான் காட்டுப் பயணம் மேற்கொள்ள அவளே முடிவு செய்கிறாள். எல்லாரும் மகிழ்ந்து கொண்டாடும் வேளையில் டாக்டர் ஓசையின்றி வெளியேறி, மங்கும் ஒளியில் தனியே வண்டியோட்டிச் செல்கிறார். பிரிவைத் தேர்ந்தவள் அவள். அதன் வலியைச் சொல்லாமல் சுமந்தவர் அவர். 1982இல் இறந்த ஆட்ரிக் என்னும் சிறுவனின் முடிவும் அடிக்கடி பேசப்படுவது. பூமியை நோக்கி விழும் விண்கலத்தைத் திருப்ப முயன்று அவன் அதனுள்ளேயே மாண்டான். அப்பகுதியின் இறுதியில் வழக்கமான இசை ஒலிக்கவில்லை. இறப்பு அவனுடைய வருங்காலத்தை முற்றிலும் பறித்தது. ஆயினும் அவன் யாராக வாழ்ந்தானோ அதை இறப்பால் பறிக்க முடியவில்லை.

டோனாவின் மன்றாட்டு

இனி, இரசிகர்களிடையே மிகக் கடுமையான வாதத்தை எழுப்பிய பிரிவுக்கு வருவோம். டோனா நோபிள் இலண்டன் நகரின் சிசிக் பகுதியைச் சேர்ந்தவள். அலுவலகங்களில் தற்காலிகப் பணியாளாகக் காலம் தள்ளுபவள். தான் எதற்கும் உதவாதவள் என்னும் எண்ணம் அவள் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. டாக்டரோடு செய்த பயணங்கள் அவளை மாற்றின. அஞ்சாமல் பேசவும், பிறர் துயர் கண்டு இரங்கவும், டாக்டரே தவறும்போது அவரைத் தடுத்து நிறுத்தவும் அவள் கற்றாள். 2008ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் ஒளிபரப்பான கதையில், டாக்டரின் அறிவு முழுவதும் அவளுக்குள் பாய்கிறது. அவளால் உலகங்கள் காப்பாற்றப்படுகின்றன. ஆனால் மனித மூளை அவ்வறிவைத் தாங்காது, அவள் இறந்துவிடுவாள். டாக்டருக்குத் தெரிந்த வழி ஒன்றே: தம்மைப் பற்றியும் பயணங்களைப் பற்றியும் அவள் மனத்தில் உள்ள நினைவுகள் அனைத்தையும் அழித்துவிடுவது.

அவர் என்ன செய்யப் போகிறார் என்பது டோனாவுக்குப் புரிகிறது. வேண்டாம் என்று மன்றாடுகிறாள். பழைய நிலைக்குத் தன்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். அவர் அழித்துவிடுகிறார். மயங்கிய அவளை வீட்டில் சேர்த்து, எதையும் அவளுக்கு நினைவூட்டக் கூடாது, நினைவு வந்தால் இறந்துபோவாள் என்று தாயிடமும் பாட்டனிடமும் எச்சரிக்கிறார். கண்விழித்த டோனா அவரை யாரோ என்று பார்க்கிறாள். கைப்பேசியில் ஊர்க்கதை பேசத் தொடங்குகிறாள்.

இதே தொடரில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1969இல் ஜேமி, ஸோயி என்னும் இரு வழித்துணைகளின் நினைவுகளும் அழிக்கப்பட்டன. டாக்டரைச் சந்தித்த முதல் நிகழ்வு மட்டுமே அவர்களுக்கு விடப்பட்டது. ஆனால் அங்கே அதைச் செய்தவர்கள் டாக்டரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரித்த அவர் இனத்து நீதிபதிகள். டாக்டர் நாடு கடத்தப்பட்டார், துணைகள் நினைவிழந்தனர். இரண்டையும் நாம் கொடுமையாகவே கண்டோம். 1969இல் ஆள்வோரின் கடுமையாகத் தோன்றிய அதே செயல் 2008இல் அன்பின் செயலாக வருகிறது என்பதைக் கூர்ந்து நோக்கும்போது, நம் உள்ளம் அமைதியிழக்கிறது. கை மாறியதால் செயலின் இயல்பு மாறிவிடுமா?

இரு தரப்பு வழக்கு

டாக்டரின் தரப்பில் சொல்லப்படும் வாதம் வலிமையானது. உயிர் எல்லா நன்மைகளுக்கும் அடித்தளம். உயிரோடிருப்பவர் புதிதாகக் கற்கலாம்; மீண்டும் வளரலாம்; புதிய உறவுகளைப் பெறலாம். இறந்தவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆற்றில் மூழ்குபவரின் ஒப்புதலைப் பெற்றா நாம் அவருக்குக் கைகொடுக்கிறோம்? அச்சத்தின் உச்சத்தில் ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதை அவருடைய இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியுமா? அன்று டாக்டர் கைகட்டி நின்றிருந்தால், நாம் அவரை என்ன சொல்லியிருப்போம்?

மறுதரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மூழ்குபவரைக் கரையேற்றினால், கரையேறியவர் மூழ்கியவரே. இங்கே கரையேறியவர் யார்? ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1694இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், ஒருவர் காலந்தோறும் அதே ஆளாக இருப்பதற்கு அடிப்படை அவருடைய தன்னுணர்வின் தொடர்ச்சியே என்று வாதிட்டார். அவ்வாறெனில், மன்றாடிய டோனா அக்கணமே மறைந்தாள். எழுந்தவள், பயணத்திற்கு முன்பிருந்த ஒருத்தி. ‘அவளைக் காப்பாற்றவில்லை, அவளுடைய உடலைக் காப்பாற்றினார்’ என்று இத்தரப்பினர் சொல்லும்போது அதில் ஒரு கூர்மை இருப்பதை மறுக்க முடியாது.

ஆனால் இவ்வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள நாம் தயங்க வேண்டும். நினைவே ஆள் என்றால், மறதி நோயால் பிள்ளைகளின் பெயர்களையும் மறந்துவிட்ட முதியவர்கள் யார்? அவர்கள் ஆளாக இல்லாமல் போய்விட்டார்களா? அவர்களுக்குச் சோறூட்டி உடைமாற்றிப் பேணுவோர் அதை ஒருபோதும் ஏற்கமாட்டார்கள். பெயர் மறந்தபின்னும் பழகிய கை பற்றும்போது முகம் மலர்கிறது; பழைய பாட்டு கேட்கும்போது உதடு அசைகிறது. நினைவின் பெருமையைப் புனித அகுஸ்தினாரைப் போல் வியந்து எழுதியவர் சிலரே. அவருடைய தன்வரலாற்று நூலின் பத்தாம் பகுதி அதைப் பற்றி நெடுக ஆராய்கிறது. அவரும்கூட நினைவில் தேடத் தொடங்கி, நினைவையும் கடந்து செல்ல வேண்டியிருப்பதையே உணர்ந்தார். மனிதர் தம் நினைவுகளைவிடப் பெரியவர். ஆகவே டோனா இறந்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை.

அப்படியானால் டாக்டர் செய்தது சரிதானா? நினைவு போனாலும் ஆள் போகவில்லை என்றால், இழப்பு என்ன என்று கேட்கலாம். இங்கேதான் நோய் ஒன்றைப் பறிப்பதற்கும் மனிதர் ஒன்றைப் பறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்க்கு நோக்கம் இல்லை. அதனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. மனிதர் மனிதருக்குச் செய்தவற்றிற்கோ கணக்கு உண்டு.

கேள்வி கேட்கும் உரிமை

என் முடிவு இதுதான். பிறருக்காக நாம் முடிவெடுக்க நேரும் தருணங்கள் உண்டு. பெற்றோர் பிள்ளைகளுக்காகவும், மருத்துவர் நினைவிழந்த நோயாளிக்காகவும், பிள்ளைகள் தளர்ந்த பெற்றோருக்காகவும் முடிவெடுக்கிறார்கள். அதை முற்றிலும் விலக்குவது இயலாது. ஆனால் அம்முடிவு அறத்தின் எல்லைக்குள் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. யாருக்காக முடிவெடுத்தோமோ அவர் பின்னொரு நாள் நம்மைப் பார்த்து, ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்று கேட்கும் வாய்ப்பை நாம் அழித்துவிடலாகாது. கதவைப் பூட்டிய தாத்தாவைச் சூசன் கேட்கலாம். சாரா ஜேன் கேட்டாள். ஆற்றிலிருந்து மீட்கப்பட்டவர், நன்றி சொல்லவோ கடிந்துகொள்ளவோ உரிமையோடு நம் முன் நிற்கிறார். டோனாவால் கேட்க முடியாது. கேட்க வேண்டியது என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. டாக்டர் அவளுடைய நினைவை எடுத்தபோது, தம்மைக் குற்றஞ்சாட்ட உரிமையுள்ள ஒரே சாட்சியையும் அகற்றிவிட்டார். தம் வழக்கில் தாமே நீதிபதியானார். அவர் உள்ளம் அன்பால் நிறைந்திருந்தது என்பதில் ஐயமில்லை. அன்பு தன்மேல் எழக்கூடிய கேள்வியை அழித்துக்கொள்ளும்போது, அது ஆதிக்கத்திலிருந்து வேறுபடுவது கடினம்.

இதைக் கற்பனைக் கதையின் சிக்கல் என்று ஒதுக்கிவிடலாகாது. தத்தெடுத்த பிள்ளையிடம் பிறப்பின் உண்மையை இறுதிவரை மறைத்து, சான்றுகளையும் எரித்துவிடும் பெற்றோர் உண்டு. கொடிய நோயுற்றவரிடம் நோயின் பெயரைச் சொல்லாமல், ‘விரைவில் குணமாகிவிடும்’ என்று கடைசி நாள் வரை சிரித்துப் பேசும் உறவினர் உண்டு. அவர்கள் அன்பில்லாதவர் அல்லர். பல வேளைகளில் அவர்களே பெரிதும் துன்புறுகிறார்கள். ஆனால் நோயாளி விடைபெற வேண்டியவர்களிடம் விடைபெறாமல், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களிடம் கேட்காமல் கண்மூடுகிறார். ‘ஏன் என்னிடம் சொல்லவில்லை?’ என்று கேட்கும் நாள் அவருக்கு வருவதே இல்லை. எல்லாருக்கும் எல்லாவற்றையும் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. சொல்லும் நேரமும் முறையும் பரிவோடு தேரப்பட வேண்டியவை. ஒருநாளும் கேட்கவே முடியாதபடி வாயிலை அடைத்துவிடுவதே தவறு.

மறைப்பவருக்கும் அதில் ஒரு தண்டனை உண்டு என்பதைக் கதை அழகாகக் காட்டுகிறது. டோனாவின் பாட்டனார் வில்பிரட் அவளை உயிராக நேசிப்பவர். வானத்து விண்மீன்களைப் பார்ப்பதில் விருப்பமுள்ளவர். அவளுடைய பெருமையை அறிந்தவர்களுள் அவரும் ஒருவர். அதை அவளிடமே சொல்லக் கூடாதவரும் அவரே. ஒவ்வொரு நாளும் அவர் தம் பேத்தியின் முகத்தைப் பார்த்து வாய்மூடி இருக்க வேண்டும். ஒருவரைக் காக்க எழுப்பிய மதில் இருபுறமும் உள்ளவர்களைப் பிரித்துவிடுகிறது.

கதை தனக்கே சொன்ன மறுமொழி

வியப்பான செய்தி, இத்தொடரே இக்கேள்வியை விட்டுவிடவில்லை என்பது. தொடரை மீண்டும் எழுப்பிய ரசல் டி. டேவிஸும், அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஸ்டீவன் மொஃபாட்டும் இளமைமுதல் இத்தொடரின் இரசிகர்களே. எனவே இரசிகர்களின் விவாதம் கதைக்குள்ளேயே தொடர்ந்தது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் ஒளிபரப்பான மொஃபாட்டின் கதையில், இறந்துபோன கிளாரா என்னும் வழித்துணையை டாக்டர் அவளுடைய இறுதி நொடியிலிருந்து வெளியே எடுக்கிறார். பகைவர் அவளைத் தேடிவராமலிருக்க, தம்மைப் பற்றிய அவளுடைய நினைவை அழிக்கவும் திட்டமிடுகிறார். ஆனால் கிளாரா அதை முன்னமே அறிந்துகொள்கிறாள். வருங்காலம் எவருக்கும் உறுதியன்று, ஆனால் தன் கடந்த காலம் தன்னுடையது என்று உறுதியாக மறுக்கிறாள். நினைவழிக்கும் கருவியை அவள் மாற்றியமைத்திருக்கலாம். வேலை செய்யுமா என்பது தெரியாது. இருவரும் சேர்ந்தே அதை அழுத்துகிறார்கள். நினைவை இழப்பவர் டாக்டர். தாம் வரம்பு மீறிவிட்டதை ஒப்புக்கொண்டு அவர் அதை ஏற்கிறார். டோனாவுக்குக் கிடைக்காத ‘முடியாது’ என்னும் சொல், ஏழு ஆண்டுகளுக்குப்பின் கிளாராவின் வாயில் வலிமை பெற்றது.

டேவிஸும் தாம் எழுதிய முடிவுக்குத் திரும்பினார். 2023ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் ஒளிபரப்பான கதையில் டோனா மணமாகி ஒரு மகளோடு வாழ்கிறாள். இலண்டன் நகர் அழியும் தருணத்தில், அதைத் தடுக்க அவளுக்குள் புதைந்திருக்கும் அறிவு தேவைப்படுகிறது. அதை எழுப்பினால் அவள் இறப்பாள் என்று டாக்டர் இம்முறை அவளிடமே சொல்கிறார். அவள் அதை ஏற்கிறாள். அவள் இறக்கவில்லை; அவ்வாற்றலின் ஒரு பங்கு மகளுக்கும் இறங்கியிருந்ததால் சுமை பகிரப்பட்டது; பின் இருவரும் அதைத் தாமாகவே கைவிட்டனர். நினைவோ அவளிடமே நிலைத்தது. இம்மீட்சி மிக எளிதாகிவிட்டது என்று குறைகூறும் இரசிகர்கள் உண்டு. கதையமைப்பு என்னும் அளவில் அக்குறை நியாயமானதே. ஆனால் 15 ஆண்டுகளுக்குமுன் கேட்கப்படாதவள் இம்முறை கேட்கப்பட்டாள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அக்கதையில் மற்றொரு சிறு செய்தியும் உண்டு. நினைவு திரும்புவதற்கு முன்னரே, டோனா தனக்குக் கிடைத்த பரிசுச்சீட்டின் பெருந்தொகையை அறப்பணிகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டிருந்தாள். ஏன் கொடுத்தாள் என்பதை அவளால் சரியாக விளக்க முடியவில்லை. பயணங்களை மறந்தவளிடம் பயணங்கள் கற்பித்த தாராளம் மறையாமல் இருந்தது. மனிதர் தம் நினைவுகளைவிடப் பெரியவர் என்று மேலே சொன்னதற்கு இக்கற்பனையும் ஒத்துநிற்கிறது.

காத்து வைப்போர்

இக்கூட்டத்தார் நினைவழிப்பை ஏன் இத்துணை ஆழமாக உணர்கிறார்கள்? அதற்குத் தொடரின் வரலாற்றிலேயே ஒரு விளக்கம் உண்டு. 1960களிலும் 70களிலும் பி.பி.சி. நிறுவனம் பழைய ஒளிப்பதிவு நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியது, படச்சுருள்களையும் கழித்துவிட்டது. 1960களில் ஒளிபரப்பான பகுதிகளுள் 90க்கும் மேற்பட்டவை இவ்வாறு நிறுவனத்தின் காப்பகத்திலிருந்து மறைந்தன. தீய எண்ணத்தால் அன்று. இடமும் பணமும் கருதியே. ஆனால் அந்நாள்களிலேயே சில பார்வையாளர்கள் தம் இல்லத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஒலியை மட்டும் பதிவு செய்திருந்தனர். காட்சிகள் மறைந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் அவர்களால் பிழைத்தது. 2013இல் நைஜீரியா நாட்டின் ஜாஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து, தொலைந்துபோன ஒன்பது பகுதிகள் மீட்கப்பட்ட செய்தி வெளியிடப்பட்டது. அவை 1967, 1968ஆம் ஆண்டுகளின் கதைகள்; அவற்றில் டாக்டரின் வழித்துணை ஜேமி. கதைக்குள் தன் பயணங்களை மறக்கச் செய்யப்பட்ட அதே இளைஞன்.

ஜேமி மறந்ததை அவர்கள் மறக்கவில்லை. டோனாவுக்குச் சொல்லக் கூடாததை 15 ஆண்டுகள் அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவகையில் அவர்கள் எல்லாரும் வில்பிரட் பாட்டனாரின் இடத்தில் நின்றார்கள். இரசிகர்களின் விவாதத்தில் மிகை உண்டு, சினமும் உண்டு. ஆயினும் தன்னை நினைத்துக்கொள்ள இயலாத ஒருத்திக்காகப் பிறர் நினைத்துக்கொள்வதும் அவள் கேட்க முடியாத கேள்வியை அவளுக்காகக் கேட்பதும் அதில் நடந்தன. மறதி நோயுற்ற தாயிடம் அவளுடைய இளமைக் கதைகளை மீண்டும் மீண்டும் சொல்லும் மகள் செய்வதும் இதுவே.

2022ஆம் ஆண்டு அக்டோபரில் ஒளிபரப்பான கதையின் முடிவில், டாக்டரைப் பிரிந்தவர்கள் ஒரு வட்டமாக நாற்காலிகளில் அமர்ந்து தங்கள் அனுபவங்களைப் பகிரும் காட்சி வருகிறது. அவர்களுள் ஒருவர் இயன் செஸ்டர்டன். 1965இல் இலண்டனுக்குத் திரும்பி விடைபெற்ற முதல் வழித்துணைகளுள் ஒருவர். 57 ஆண்டுகளுக்குப்பின் அதே பாத்திரத்தில், 97ஆம் வயதில், வில்லியம் ரசல் அங்கே அமர்ந்திருந்தார். 2024இல் அவர் மறைந்தார். அவ்வட்டத்தில் இருந்தவர்கள் பெற்றது வேறொன்றுமில்லை: நடந்ததை நடந்தது என்று சொல்லும் உரிமையும் அதைக் கேட்டுத் தலையசைக்கும் சிலரும்.

பிரிய வேண்டிய நேரம் நம் எல்லாருக்கும் வரும். சில வேளைகளில் பிறருக்காக நாமே அதை முடிவு செய்ய நேரும்; அம்முடிவு தவறாகவும் போகலாம். அப்போதும் நாம் அவர்களிடம் விட்டுச்செல்லக் கடமைப்பட்டது ஒன்று உண்டு: நம்மோடு அவர்கள் வாழ்ந்த நாள்களின் உண்மை. அவ்வுண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் ஒருநாள் நம் வாயிலில் வந்து நிற்கக்கூடும். அந்நாளில் கதவைத் திறந்து, அவர்கள் கேட்பதை முழுவதும் கேட்டு, பதில் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.